கம்பத்துக்கும் மீட்டருக்கும் நடுவே

மின்சார விபத்து என்றதும் நமக்கு இரண்டு காட்சிகள்தான் நினைவுக்கு வரும். மழைக்காலத்தில் ரோட்டில் அறுந்து கிடக்கும் கம்பி ஒன்று. ஈரக்கையோடு தொட்ட கிரைண்டரோ மோட்டார் சுவிட்சோ இன்னொன்று. முதலாவதற்கு மின்வாரியத்தைத் திட்டுவோம். இரண்டாவதற்கு வீட்டுக்காரரின் அலட்சியத்தைச் சொல்வோம். இரண்டுக்கும் நடுவே, கம்பத்தில் புறப்பட்டு, தெருவைத் தாண்டி, சுவரில் இறங்கி மீட்டர் பெட்டிக்குள் நுழைகிற சர்வீஸ் ஒயரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது யாருடைய பொறுப்பு என்பதே பலருக்குத் தெரியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, நாட்டில் ஆண்டுதோறும் 12,000 பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள். தெருக்கம்பியில் எத்தனை பேர், வீட்டுக்குள் எத்தனை பேர், இந்த நடுத்துண்டில் எத்தனை பேர் என்று அந்த மொத்த எண்ணைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை. கணக்கில் தனியாக வராத இடம் கவனத்திலும் வராமல் போகிறது. இத்தனைக்கும் இந்த நடுத்துண்டுக்கு விதி இல்லாமல் இல்லை. மிகத் தெளிவாகவே இருக்கிறது. ஆனால், இணைப்புக் கொடுக்கிற அன்று ஒருமுறை பார்ப்பதோடு சரி. அதன்பின் வீடு மேலே ஏறுகிறது, ரோடு மேலே ஏறுகிறது, ஒயர் மட்டும் கீழே தொய்கிறது. முதல் நாள் சட்டப்படி இருந்த இணைப்பு, யாரும் கை வைக்காமலே சட்டத்துக்குப் புறம்பாகிவிடுகிறது.

விதி சொல்வது இதுதான். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் அரை நூற்றாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்தன. அவற்றின் இடத்துக்கு மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010இல் வந்தன. 2023இல் அவை புதுப்பிக்கப்பட்டன. காப்பு இடைவெளி அளவுகளின் சாரம் பெரிதாக மாறவில்லை. 650 வோல்ட்டுக்கு உட்பட்ட கம்பி, அதாவது நம் வீடுகளுக்கு வரும் லைனும் சர்வீஸ் ஒயரும், தெருவின் குறுக்கே போனால் தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தெருவை ஒட்டி நீளவாக்கில் போனால் 5.5 மீட்டர். கட்டடத்துக்கு மேலே போனால் அதன் மிக உயர்ந்த இடத்திலிருந்து 2.5 மீட்டர், பக்கவாட்டில் போனால் 1.2 மீட்டர். 11,000 வோல்ட் லைன் என்றால் மேலே 3.7 மீட்டர், பக்கவாட்டில் அதே 1.2 மீட்டர். காற்றடிக்காத நல்ல நாளில் டேப்பைப் பிடித்துப் பார்க்கிற அளவுகள் அல்ல இவை. மேல்நோக்கிய இடைவெளியைக் கம்பி அதிகபட்சமாகத் தொய்ந்திருக்கும் நிலையில் கணக்கிட வேண்டும். பக்கவாட்டு இடைவெளியைக் காற்று அதிகபட்சமாக ஒதுக்கித் தள்ளும் நிலையில் கணக்கிட வேண்டும். கத்திரி வெயிலிலும் ஐப்பசிக் காற்றிலும் இந்த இடைவெளி மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே பொருள். கூடவே இன்னொரு வாசகமும் உண்டு: ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தின் மேல் கூடியவரை லைன் போகக் கூடாது, ஏற்கெனவே இருக்கும் லைனுக்கு அடியில் கட்டடம் எழும்பவே கூடாது.

இந்த எண்களைத் தமிழ்நாட்டுத் தெருவில் பொருத்திப் பாருங்கள். தாழ்வழுத்த லைனுக்கு இங்கே பரவலாக நடப்படும் சிமென்ட் கம்பத்தின் நீளம் 7.5 மீட்டர். ஆறில் ஒரு பங்கைப் பூமிக்குள் விடுவது வழக்கம் என்பதால் 1.25 மீட்டர் உள்ளே போய்விடும்; மேலே நிற்பது 6.25 மீட்டர். இப்போது ஒரு தளம் மட்டுமே உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். அடிமட்டம் 2 அடி, கான்கிரீட் தளத்தோடு சேர்த்து அறையின் உயரம் 10 அடி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் 3 அடி. மொத்தம் 15 அடி, அதாவது சுமார் 4.6 மீட்டர். அதற்கு மேல் 2.5 மீட்டர் விட்டால் 7.1 மீட்டர். கம்பத்தின் உச்சியே அதற்குக் கீழேதான் இருக்கிறது. ஆக, மாடியே இல்லாத வீட்டின் மேல்கூட இந்த லைன் சட்டப்படி போக முடியாது. பக்கவாட்டில், 1.2 மீட்டர் தள்ளித்தான் போக வேண்டும். அந்த வீட்டின் மேல் ஒரு மாடி எழும்பினால் என்ன ஆகும்? முதல் மாடியின் தரை சுமார் 3.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே நிற்பவரின் தலை ஏறக்குறைய 5.2 மீட்டரில். கம்பத்திலிருந்து கொஞ்சம் தொய்ந்து வரும் ஒயரும் கிட்டத்தட்ட அதே உயரத்தில். தரைத்தள வீட்டுக்குத் தலைக்கு மேலே எங்கோ போய்க்கொண்டிருந்த ஒயர், மாடி வந்ததும் பால்கனியில் நிற்பவரின் முகத்துக்கு நேரே வந்துவிடுகிறது. பால்கனியை மனையின் எல்லையைத் தாண்டித் தெருப்பக்கம் 3 அடி நீட்டிக்கட்டும் நம் பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டால், அந்த 1.2 மீட்டரும் போயிற்று. ஒயர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

வீடு மட்டுமா ஏறுகிறது? 6.25 மீட்டர் நிற்கும் கம்பத்திலிருந்து தெருவின் குறுக்கே போகும் கம்பிக்கு 5.8 மீட்டர் தேவை என்றால், தொய்வுக்கும் சேர்த்து மிச்சமிருப்பது 45 சென்டிமீட்டர்தான். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே ஒரு படலம், சில ஆண்டு கழித்து இன்னொரு படலம் என்று தார் போட்டால் அந்த மிச்சம் கரைந்துவிடும். வீடுகள் பள்ளத்தில் போகின்றன, மழைநீர் உள்ளே புகுகிறது என்ற புகாரின் பேரில், பழைய படலத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. ஆனால் ரோடு உயர்ந்தால் தலைக்கு மேலே இருக்கிற கம்பி தாழ்ந்துபோகும் என்பது அன்றைய விவாதத்தில் அதிகம் வரவில்லை. மறு ஆண்டே, 2022 ஏப்ரல் 27 அதிகாலையில், தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அது சர்வீஸ் ஒயர் அல்ல, காரணங்களும் பல. ஆனாலும் கம்பிக்கும் தரைக்கும் இடையிலான உயரம் என்பது கம்பியை மட்டும் பொறுத்ததல்ல என்பதை அந்த விபத்துக்குப் பிறகாவது நாம் மனதில் வாங்கியிருக்க வேண்டும். இதையும் விதி முன்பே யோசித்திருக்கிறது. லைன் போட்ட பிறகு அதன் அருகே ஒருவர் புதிதாகக் கட்டடம் எழுப்பவோ, இருக்கும் கட்டடத்தில் கூட்டிக்கட்டவோ, ரோட்டின் மட்டத்தை உயர்த்தவோ நினைத்து, அதனால் இடைவெளி குறையும் என்றால், அவரும் அவருடைய ஒப்பந்ததாரரும் மின்வாரியத்துக்கும் மின் ஆய்வாளருக்கும் எழுத்து மூலம் அறிவித்து வரைபடமும் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, ரோடு போடும் உள்ளாட்சி அமைப்புக்கும் இது பொருந்தும். மாடி எடுக்கும்போது வாஸ்து பார்க்க மறக்காத நாம் இந்தக் கடிதத்தை எழுதியதுண்டா என்று கேட்டால் பதில் தெரிந்ததுதான்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். தெருக்கம்பி அம்மணக் கம்பி, அதைத் தொட்டால் ஆபத்து. சர்வீஸ் ஒயர்தான் ரப்பர் போலக் காப்புறை போட்டு வருகிறதே, பால்கனி ஓரமாகப் போனால்தான் என்ன? இந்தக் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. சொன்ன இடைவெளியை விட முடியாத இடங்களில், முறையாகக் காப்பிடப்பட்ட ஒயரைத் தகுந்த இடைவெளிகளில் ஓர் எர்த் செய்யப்பட்ட தாங்கு கம்பியில் கட்டிக்கொண்டு போகலாம் என்று விதியே வழி விடுகிறது. அந்தத் தாங்கு கம்பி குறைந்தது 350 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே, காப்புறை இருந்தால் போதும் என்று விதி சொல்லவில்லை. காப்புறை, தாங்கு கம்பி, எர்த் மூன்றும் சேர்ந்தால்தான் விலக்கு. நம் தெருக்களில் பார்ப்பது என்ன? சர்வீஸ் ஒயரைச் சாதாரண ஜி.ஐ. கம்பியில் சுற்றி இழுத்து, ஒரு முனையைக் கம்பத்திலும் மறு முனையைச் சுவரில் நிற்கும் ஜி.ஐ. பைப்பிலும் முடிந்திருப்பார்கள். கம்பி எர்த் செய்யப்பட்டிருக்காது. பத்துப் பன்னிரண்டு வருட வெயிலில் பி.வி.சி. உறை வெளுத்து, வெடித்து, விரலால் தொட்டால் உதிரும் நிலைக்கு வந்திருக்கும்.

அந்த ஜி.ஐ. பைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மழைநீர் உள்ளே இறங்காமலிருக்க அதன் மேல்முனையைக் கைத்தடிப் பிடிபோலக் கீழ்நோக்கி வளைத்திருப்பார்கள். அறுத்த பைப்பின் விளிம்பு கத்தி முனைபோல இருக்கும். அதில் ஒரு புஷ், அதாவது விளிம்பை மூடும் வளையம், போட்டுத்தான் ஒயரை நுழைக்க வேண்டும். புஷ் என்பது சில ரூபாய்ச் சமாச்சாரம். அது இல்லாவிட்டாலோ, வெயிலில் பொடிந்து விழுந்துவிட்டாலோ, காற்றில் ஒயர் ஆடும்போதெல்லாம் அந்த விளிம்பு காப்புறையை அறுத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் செம்போ அலுமினியமோ பைப்பைத் தொடும். பைப் முழுவதும் மின்சாரம். அந்தப் பைப்பில்தான் நாம் கொடிக்கயிறு கட்டியிருக்கிறோம். அது இரும்புக் கம்பியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மின்கம்பத்திலும் சர்வீஸ் பைப்பிலும் கொடி கட்டாதீர்கள் என்று மழைக்காலந்தோறும் மின்வாரியம் வெளியிடும் எச்சரிக்கை வழக்கமான சம்பிரதாயம் போலத் தோன்றும். ஈரத் துணியை உலர்த்தப் போய் இறந்தவர்களின் செய்திகளுக்குப் பின்னால் இருப்பது பல நேரம் இந்தப் பைப்தான்.

பியூஸ் போகாதா, டிரிப்பர் விழாதா என்று கேட்கலாம். விழாது. இதுதான் இந்த நடுத்துண்டின் தனிக்குணம். வீட்டில் நாம் பொருத்தும் மின்கசிவுப் பாதுகாப்புக் கருவி, அதாவது ஆர்.சி.டி., மீட்டருக்குப் பின்னால் இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் கூர்மையான கருவிதான். ஆனால் தனக்குப் பின்னால் நடப்பதைத்தான் அது பார்க்கும், தனக்கு முன்னால் நடப்பதை அல்ல. மீட்டர் பலகையிலுள்ள கட்-அவுட் பியூஸுக்கும் இதே நிலைதான். கம்பத்திலிருந்து அதுவரையுள்ள தூரத்துக்குக் காவல் என்று சொல்ல எஞ்சியிருப்பது, தெருக்கோடி டிரான்ஸ்பார்மரின் பியூஸ் ஒன்றே. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் என்றால் அதன் முழுச்சுமை மின்னோட்டம் 130 ஆம்பியருக்கு மேல். பியூஸ் அதற்கேற்றபடி இருக்கும். எர்த் இல்லாத பைப்பிலிருந்து சுவர் வழியாகக் கசிவது சில மில்லி ஆம்பியரோ அதற்குக் கொஞ்சம் கூடவோதான். பைப்பைத் தொடுபவரின் உடல் வழியாகப் பாய்வது அதைவிடக் கூடும்; மனித உயிரைப் பறிக்க அது போதும். அந்தப் பியூஸுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆர்.சி.டி. போடச் சொல்லி நடக்கும் பிரசாரம் அவசியமானது, ஆனால் அதைப் போட்டுவிட்டதால் வீடு முழுக்கப் பாதுகாப்பாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இந்தத் துண்டை மறந்துவிடுகிறார்கள். எந்தத் தானியங்கிக் கருவியும் காக்காத துண்டு இது. அதனால்தான் இங்கே இடைவெளி அளவும், காப்புறையின் நிலையும், கண்ணால் பார்க்கும் ஆய்வும் மற்ற இடங்களைவிட முக்கியமாகின்றன.

அப்படியானால் பார்க்க வேண்டியவர் யார்? சர்வீஸ் கனெக்‌ஷனுக்குப் பணம் கட்டியது நாம்தான் என்பதால் ஒயரும் நம்முடையது என்று பலர் நினைக்கிறார்கள். சில பிரிவு அலுவலகங்களில், ஒயர் பழசாகிவிட்டது என்று போய் நின்றால், புது ஒயரை நீங்களே வாங்கிக்கொடுங்கள் என்று சொல்லும் வழக்கமும் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்துகிறது. விதியின் பேச்சு வேறு. நுகர்வோரின் இடத்தில் இருந்தாலும், மின்வழங்குபவருக்குச் சொந்தமான அல்லது அவர் கட்டுப்பாட்டில் உள்ள ஒயர், சாதனம் அனைத்தும் பாதுகாப்பான நிலையில் இருப்பதை உறுதிசெய்ய வேண்டியவர் மின்வழங்குபவரே. கைக்கெட்டும் இடத்திலுள்ள சர்வீஸ் லைனின் காப்புறைக்குச் சேதம் வராதபடி பாதுகாப்பதும் அவர் கடமை. வீட்டில் ஓர் எர்த் முனையை அமைத்துப் பராமரிப்பதும்கூட அவர் பொறுப்பென்றே விதி சொல்கிறது. நடைமுறையில் அந்த வேலையை வீட்டுக்காரரின் எலெக்ட்ரீஷியன்தான் செய்கிறார். நுகர்வோர் செய்ய வேண்டியது, தன் இடத்தில் உள்ள வாரியத்தின் சாதனத்தைச் சேதமாகாமல் பார்த்துக்கொள்வதும் தன் கட்டுப்பாட்டிலுள்ள வயரிங்கை ஒழுங்காக வைத்திருப்பதும். நீதிமன்றங்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. மத்தியப் பிரதேச மின்வாரியம் தொடர்பான வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: மழைநீர் தேங்கிய ரோட்டில் கிடந்த கம்பியால் சைக்கிளில் வந்தவர் இறந்தார், யாரோ கொக்கி போட்டு மின்சாரம் திருடியதால்தான் கம்பி விழுந்தது என்றது வாரியம். அதனால் பொறுப்பு நீங்காது, ஆபத்தான பொருளைக் கையாள்பவர் அது யாரையும் தாக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். கவனக்குறைவை நிரூபிக்கக்கூடத் தேவையில்லை. ஆனால் இந்தத் தீர்ப்பின் பயன் இறப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது. இழப்பீட்டுக்கு வழிசெய்யும் சட்டத்தால், உறை உதிர்ந்த ஒயரை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாது.

அதைக் கண்டுபிடிக்கவும் ஒரு விதி இருந்தது. 1956 விதிகளின் 46ஆம் விதி, இணைப்புப் பெற்ற ஒவ்வொரு மின் நிறுவலையும் 5 ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் ஆய்வுசெய்யச் சொன்னது. வீடுகளில் அது எந்த அளவுக்கு நடந்தது என்பதை வாசகர்கள் தங்கள் வீட்டு அனுபவத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். பின்னர் வந்த மாற்றங்கள், குறிப்பிட்ட மின்னழுத்தம் வரை உரிமையாளரே சான்றளித்துக்கொள்ளும் முறையை நோக்கி நகர்ந்தன. கட்டட அனுமதியும் அதே திசையில்தான் போகிறது. தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்றின் பேரில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. அலையவிடாமல், கையூட்டுக்கு இடமில்லாமல் செய்யும் நல்ல ஏற்பாடு. குறை சொல்ல விருப்பமில்லை. ஆனால் தெருக்கம்பத்தைக் கண்ணால் பார்க்கும் அதிகாரி அங்கே இல்லாமல் போகிறார். தரைத்தளமும் ஒரு மாடியுமாக எழும்பும் இந்த வீடுகள்தாம், மேலே போட்ட கணக்கின்படி, ஒயரோடு மோதும் வீடுகள்.

எல்லாவற்றையும் பூமிக்கு அடியில் புதைவடமாகக் கொண்டுபோய்விட்டால் தீர்ந்தது என்பார்கள். சென்னையின் பல பகுதிகளில் அப்படித்தான் இருக்கிறது. 2018இல் கஜா புயல் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்ததை நினைத்தால் கடலோர நகரங்களுக்கு அதுவே சரி. ஆனால் மாநிலத்தில் 3 கோடிக்கும் அதிகமான இணைப்புகள் இருக்கின்றன. கடனில் தத்தளிக்கும் மின் நிறுவனம் அவை அனைத்தையும் எப்போது புதைக்கும் என்று காத்திருப்பது கொள்கையாகாது. மேலும் புதைத்துவிட்டால் ஆபத்து மறைந்துவிடுவதில்லை, தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸுக்கு இடம் மாறுகிறது. 2017 நவம்பரில் சென்னை கொடுங்கையூரில் இரண்டு சிறுமிகள் பில்லர் பாக்ஸ் அருகே மழைநீரில் மின்சாரம் தாக்கி இறந்தது மேல்நிலைக் கம்பியால் அல்ல. பராமரிப்பு இல்லாத அமைப்பு மண்ணுக்கு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒன்றுதான்.

இன்னொரு மறுப்பைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். ஒரு சென்ட், ஒன்றரை சென்ட் இடத்தில், நாலடிச் சந்தில் வாழ்பவர்களிடம் 1.2 மீட்டர் தள்ளிக் கட்டு என்பது கொடுமை. விதியைக் கறாராக்கினால் முதலில் இணைப்பை இழப்பவர்கள் ஏழைகள்தாம். உண்மை. அதனால்தான் தண்டனையாக இணைப்பைத் துண்டிக்கும் யோசனையை ஏற்க முடியாது. சந்துகளில் அளவைக் காட்டி மிரட்டுவதற்குப் பதிலாக, விதி தந்திருக்கும் விலக்கை ஒழுங்காகச் செய்துகொடுக்க வேண்டும்: முறுக்கிய காப்புறைக் கேபிள், எர்த் செய்த தாங்கு கம்பி, பைப்பின் வாயில் புஷ். அதிலும் ஒரு முரண் உண்டு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒவ்வோர் இணைப்புக்கும் கிடைப்பதால், ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு சர்வீஸ் வாங்கும் பழக்கம் பரவியிருக்கிறது. ஒரே கம்பத்திலிருந்து ஒரே சுவருக்கு நான்கு ஒயர்கள். ஒவ்வொரு புது சர்வீஸ் கொடுக்கும்போதும் வாரியத்தின் ஆள் அந்தச் சுவருக்கு வரத்தான் செய்கிறார். புது ஒயரை இழுத்துவிட்டுப் போகிறார். பக்கத்தில் தொங்கும் பழைய ஒயரைப் பார்க்கச் சொல்லி அவருக்கு யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

ஆள் பற்றாக்குறை என்ற பதிலும் இங்கேதான் வலுவிழக்கிறது. களப்பணியாளர் இடங்கள் ஏராளமாகக் காலியாக உள்ளன என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனாலும் இந்த மாநிலத்தில் வீட்டுக்கு வீடு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மீட்டர் பெட்டியின் முன்னால் வந்து நிற்கும் ஓர் அரசு ஊழியர் உண்டு: கணக்கெடுப்பாளர். ஆண்டுக்கு ஆறு முறை அவர் நிற்கும் இடத்திலிருந்து ஜி.ஐ. பைப்பின் வாய் சில அடி தூரம்தான். யூனிட்டைக் குறிப்பவர் கையில் இருக்கும் கருவியிலேயே, ஒயர் கைக்கெட்டுகிறதா, உறை கிழிந்திருக்கிறதா, புது மாடி எழும்பியிருக்கிறதா என்று மூன்று கட்டங்களைச் சேர்த்தால் போதும். சரிசெய்வது லைன்மேனின் வேலை, சொல்வது மட்டும் இவர் வேலை. கைக்கெட்டும் தூரம் என்ற அளவுகோல் ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவின் தேசிய மின் நெறிமுறை, திறக்கக்கூடிய ஜன்னல், கதவு, பால்கனி, படிக்கட்டு ஆகியவற்றிலிருந்து வெளியுறை இல்லாத சர்வீஸ் ஒயர் 3 அடி தள்ளியிருக்க வேண்டும் என்கிறது. மனிதன் எங்கே நின்று கையை நீட்டுவான் என்பதிலிருந்து தொடங்கும் விதி அது. கணக்கெடுப்பாளர் டேப் இல்லாமலே பார்த்துச் சொல்லிவிடக்கூடியது. அதேபோல சுயசான்று அனுமதியின் ஆன்லைன் படிவத்தில், மனைக்கு முன்னாலோ மேலாலோ மின்கம்பி போகிறதா என்று ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்து, ஆம் என்றால் அந்த விண்ணப்பத்தின் நகல் ஒன்று தானாகவே மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் போகும்படி செய்தால், யாரும் எழுதாத அந்தக் கடிதத்தைக் கணினியே எழுதிவிடும்.

ஆனால் இதற்கும் காலம் குறைவு. ஸ்மார்ட் மீட்டர் வந்ததும் யூனிட் தானாக அலுவலகத்துக்குப் போய்விடும். கணக்கெடுப்பாளர் வர மாட்டார். பல வீடுகளின் சர்வீஸ் ஒயரைக் காணக்கூடிய தூரத்துக்கு வரும் கடைசி மின்வாரிய ஆள், பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் மீட்டரைப் பொருத்துகிறவராகவே இருப்பார். ஆகவே ஸ்மார்ட் மீட்டர் பொருத்தும் ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்: மீட்டரை மாற்றும் அன்றே கம்பம் முதல் பைப் வரையுள்ள ஒயரைப் படமெடுத்து இணைப்பு எண்ணோடு பதிவுசெய்ய வேண்டும், ஆபத்தானவற்றைப் பட்டியலிட்டு மாற்றும் செலவை வாரியம் ஏற்க வேண்டும். அதுவரை வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பைப்பில் கட்டிய கொடியை நீங்களாக அவிழ்க்கப் போகாதீர்கள். எதையும் தொடாமல் பார்த்து, ஒயர் கைக்கெட்டினாலோ உறை உதிர்ந்திருந்தாலோ மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் புகாரைப் பதிவுசெய்து, புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். புது ஒயரை நீங்களே வாங்கி வரச் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள்.